கணவர் தியானத்துக்குப் போய்வந்தார், நானும் போகவேண்டுமா?

கேள்வி: நாங்கள் நாகர்கோவில் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். பத்து வருடமாக டெக்சஸில் இருக்கிறோம். பிப்ரவரியில் எங்கள் பங்குக் கோவில் நண்பர் ஒருவர் கூப்பிட்டு, என் கணவர் ‘குர்சீயோ’ என்ற தியானத்துக்குப் போனார். வியாழன் மாலை போனவர் ஞாயிறு இரவு கண்கலங்கி வந்தார். என்ன நடந்தது என்று கேட்டால், “நீ போனால்தான் புரியும்” என்கிறார். அங்கே போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்களாம். இப்போது தினமும் செபமாலை சொல்கிறார். சனிக்கிழமை காலையில் அந்தக் குழுவோடு போய்விடுகிறார். இரண்டு பிள்ளைகளும் என் தலையில். அக்டோபர் கடைசியில் பெண்களுக்கு நடக்கிறதாம், எனக்கும் ஃபாரம் வாங்கி வந்துவிட்டார். போன நவம்பரில் என் அம்மா இறந்தார். விசா சிக்கலால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. அதைப் பற்றி இன்னும் யாரிடமும் மனம்விட்டுப் பேசவில்லை. தெரியாத பெண்கள் நடுவில் ஆங்கிலத்தில் நான் என்ன பேசுவேன்? இது மூளைச்சலவையா? மாட்டேன் என்றால் அவர் மனம் நோகும்.
— பெயர் வேண்டாம், டெக்சஸ்

பதில்: அன்புச் சகோதரி, மூளைச்சலவை என்ற பயம் வேண்டாம். குர்சீயோ ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் 1940-களில் தொடங்கியது. எடுவார்டோ பொன்னின் என்ற பொதுநிலையினரும் (குருவானவர் அல்ல, நம்மைப் போன்றவர்) அவருடைய இளம் நண்பர்களும் உருவாக்கிய முயற்சி அது. அமெரிக்காவில் முதன்முதலில் நடந்ததே உங்கள் டெக்சஸில்தான், 1957-இல், வேக்கோ நகரில். திருத்தந்தை ஆறாம் பவுல் 1963-இல் புனித பவுலை இதற்குப் பாதுகாவலராக அறிவித்தார். மெதடிஸ்ட் என்ற சீர்திருத்தச் சபையினர் நடத்தும் ‘எம்மாவு நடை’ என்ற தியானமும் இதிலிருந்து பிறந்ததுதான்.

நம் ஊர்த் தவக்காலத் தியானத்தில் சாமியார் பிரசங்கம் வைப்பார், நாம் உட்கார்ந்து கேட்போம். இது அப்படி இல்லை. மூன்று நாளில் பதினைந்து உரைகள். அதில் பத்தைப் பேசுபவர்கள் உங்களையும் என்னையும் போன்ற குடும்பஸ்தர்கள். ஒவ்வொரு உரை முடிந்ததும் அவரவர் மேசையில் பேசுவார்கள். அப்புறம் கேட்டதை ஒரு சார்ட் பேப்பரில் படமாக வரைவார்கள். ஆபீசில் பத்துப் பேரை அதட்டி வேலை வாங்குகிறவரும் கையில் ஸ்கெட்ச் பேனாவோடு குனிந்து சூரியனுக்குக் கதிர் போட்டுக்கொண்டிருப்பார். பூசை, பாவசங்கீர்த்தனம், பாட்டு, வயிறு முட்டச் சாப்பாடு எல்லாம் உண்டு. பல இடங்களில் போனையும் கடிகாரத்தையும் வாங்கி வைப்பது, கவனம் வீட்டுக்கும் வேலைக்கும் ஓடாமல் இருக்கத்தான்.

சொல்லக்கூடாது என்று யாரிடமும் சத்தியம் வாங்குவதில்லை. அடுத்துப் போகிறவருக்குச் சில இன்ப அதிர்ச்சிகள் கெட்டுவிடக்கூடாது என்று வாயைக் கட்டிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். அதில் ஒன்றை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயத்தோடு போவதைவிடத் தெரிந்து போவது நல்லது. ‘பலாங்கா’ என்று ஒரு பழக்கம் உண்டு. கலந்துகொள்பவர்களுக்காக வெளியே பலர் செபிக்கிறார்கள், ஒறுத்தல் செய்கிறார்கள், கடிதம் எழுதுகிறார்கள். தன்னைப் பார்த்தே இராதவர்கள் தனக்காக நோன்பிருந்தார்கள் என்று தெரியும்போது பலரும் உடைந்துபோகிறார்கள். உங்கள் கணவர் அழுததற்கும் அது காரணமாக இருக்கலாம். நம் வீட்டு ஆண்களுக்கு வளர்ந்த பிறகு யார் அன்பாக நாலு வரி எழுதுகிறார்கள்?

ஆனாலும் இந்த அக்டோபரில் நீங்கள் போகவேண்டாம் என்றுதான் சொல்வேன்.

காரணம் உங்கள் அம்மா. அங்கே பேசுகிறவர்கள் தங்கள் வாழ்க்கையில் பட்ட அடிகளைத் திறந்து சொல்வார்கள். ஒரு பெண் தன் தாயின் கடைசி நாட்களைப் பற்றிச் சொன்னால், ஒரு வருடமாக நீங்கள் அடக்கிவைத்திருப்பது அந்த மேசையிலேயே வெளியே வந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் நல்ல மனுஷியாக இருப்பார், ஆனால் மனநல ஆலோசகராக இருக்கமாட்டார். தமிழில் அழவேண்டியதை ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். உடனே போனை எடுத்து அக்காவையோ தம்பியையோ கூப்பிடவும் முடியாது. குர்சீயோ நடத்துபவர்களே, அண்மையில் துக்கம் நேர்ந்தவர்கள் கொஞ்சம் பொறுத்து வரட்டும் என்று பல இடங்களில் சொல்வதுண்டு.

அதற்குப் பதிலாக நவம்பர் 2-ஐப் பாருங்கள், கல்லறைத் திருநாள். ஊரில் யாராவது அம்மாவின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றுவார்கள்தானே? வீடியோ காலில் அதைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே சாயங்காலம் என்றால் உங்களுக்கு விடியற்காலை. எழுந்து உட்காருங்கள், கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். ஆண்டு நினைவுப் பூசையை ஊரிலும் கேளுங்கள், உங்கள் பங்கிலும் கேளுங்கள். அடக்கத்தன்று ஊரில் என்னென்ன நடந்தது என்று கூடப்பிறந்தவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது உங்களுக்குச் சேரவேண்டியது. அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால், தள்ளிப்போடாமல் ஓர் ஆலோசகரைப் பாருங்கள்.

அடுத்து உங்கள் கணவர். அவருக்குக் கிடைத்தது உண்மையானது என்றே நம்புகிறேன், அதைக் குறைத்துப் பேசாதீர்கள். ஆனால் குர்சீயோவில் மூன்று நாள் வெறும் வாசல்தான். மிச்ச வாழ்க்கை முழுவதையும் ‘நான்காம் நாள்’ என்கிறார்கள். சனிக்கிழமைக் குழுவும் அதற்காகத்தான், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் நம் ஊர் அன்பியம் போல. அந்த நான்காம் நாளில் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். குழு முடிந்து வந்ததும் மத்தியானம் வரை பிள்ளைகள் அவர் பொறுப்பு என்று பேசி முடிவெடுங்கள். அவரே புரிந்துகொள்ளட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

வரவில்லை என்பதை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “என்னங்க, நீங்க போயிட்டு வந்ததுல எனக்குச் சந்தோஷம். எனக்கு இன்னும் அம்மா ஞாபகம் ஆறலை. இந்த வருஷம் வேண்டாம். ஆனா அங்க உங்களுக்கு மனசைத் தொட்டது என்னன்னு கொஞ்சமாவது சொல்லுங்க.” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மற்றவர்கள் பகிர்ந்ததை அவர் சொல்லவேண்டாம், தன்னுடையதைச் சொல்லலாம். “நீ போனால்தான் புரியும்” என்பது மனைவிக்குப் போதுமான பதில் இல்லை.

அடுத்த வருடம் உங்களுக்கே ஆசை வந்தால், தாராளமாகப் போங்கள். அழைத்துச் செல்பவராக ஏற்கெனவே போய்வந்த பெண் ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். கேட்கக் கூச்சமான படுக்கை, குளியலறை விஷயங்களை அவரிடம் கேட்கலாம். மேசையில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தாலும் தப்பில்லை. மாத்திரை சாப்பிடுபவர் என்றால் ஃபாரத்தில் எழுதிவிடுங்கள். அவசரத்துக்குக் கூப்பிட அங்கே ஓர் எண் தருவார்கள். அதை வாங்கி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு, மூன்று நாள் சமையலைக் கணவர் கையில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.