அடிபட்டு ஓடியது – கடிதம்

அன்புள்ள ஐயா,

வேட்டைக்காரர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் நீங்கள் ஒரு மதிப்போடு எழுதுகிறீர்கள். எனக்கு அது குழப்பமாக இருக்கிறது. என் நண்பர் ஒருவர் வெளிநாட்டில் உரிமம் வாங்கி மான் வேட்டைக்குப் போகிறவர். 600 மீட்டர் தூரத்திலிருந்து ஒரே குண்டில் மானைச் சாய்த்த காணொளியை எல்லோருக்கும் காட்டுவார். அதுதான் திறமையா? குறி தப்பாதவன்தான் நல்ல வேட்டைக்காரனா? வேட்டை ஆணின் ரத்தத்திலேயே ஊறியது என்கிறார், அது சரியா? பசிக்காக இல்லாமல் கொல்வது அறமா?

பின்குறிப்பு: பன்னிரண்டு வயதில் இரவல் வாங்கிய காற்றுத் துப்பாக்கியால் ஒரு புறாவைச் சுட்டேன். இறகு பறந்தது, புறா விழவில்லை. தாழ்வாகக் கிழக்கே பறந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. நான் தேடிப் போகவில்லை. இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பின்குறிப்பு மட்டும் இல்லையென்றால் பதில் எழுதியிருக்க மாட்டேன். கொஞ்ச நாளாகவே இதே விஷயம் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுகிறேன். ரத்தத்தில் ஊறியது என்பது உளறல். ஊறியிருந்தால் கற்றுக்கொள்ள இத்தனை வருடம் ஆகுமா? உலகெங்கும் 40 இடங்களில் வாழும் வேட்டைக்காரர்களின் 23,000க்கும் மேற்பட்ட வேட்டைப் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2020இல் வந்தது. திறமை உச்சத்துக்கு வருவது சராசரியாக 30க்கும் 35க்கும் நடுவில் என்று அதில் தெரிந்தது. உடம்பின் வலு இருபதுகளிலேயே முழுசாக வந்துவிடுகிறது. கையும் காலும் தயாரான பிறகும் பல வருடம் அவன் எதையோ கற்றுக்கொண்டே இருக்கிறான். அந்த எதையோதான் எனக்கு முக்கியம்.

கொல்வது அறமா என்ற கேள்விக்கு ஒரு பத்தியில் பதில் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். நான் சொல்லப்போவதில்லை.

இனி உங்கள் நண்பரின் காணொளி. மான் விழுந்ததைப் பார்த்தீர்கள், வாயைப் பிளந்தீர்கள். விழாமல் போனதை யாராவது படம் பிடித்துப் போடுவார்களா? 600 மீட்டர் கடக்கத் துப்பாக்கிக் குண்டுக்குக் கிட்டத்தட்ட ஒரு வினாடி ஆகும். மேய்கிற மானுக்கு ஓர் அடி எடுத்து வைக்க அது போதும். விசையை அழுத்தும்போது நுரையீரல் இருந்த இடத்தில் குண்டு போய்ச் சேரும்போது வயிறு இருக்கும். குறியில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் மான் குடல் கிழிந்து ஓடும். அது ஓடி மறைகிற இடத்திலிருந்து நண்பர் 600 மீட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறார். அந்தத் தூரத்தைச் சாதனை என்று சொல்லும் வாயை முதலில் கழுவச் சொல்லுங்கள்.

இருபத்துநான்கு வயதில் ஒரு விலங்குக் கணக்கெடுப்புக் குழுவோடு சில வாரம் காட்டில் அலைந்தேன். தடம் பார்க்க வந்த பெரியவருக்கு எழுபது வயது இருக்கும். இளமையில் வேட்டையாடியவர், பிற்பாடு விட்டுவிட்டவர். முதல் நாள் காலை ஈர மண்ணில் இருந்த குளம்படி ஒன்றைக் காட்டி, “இது எப்பப் போச்சு தம்பி?” என்றார். எனக்கு அது வெறும் பள்ளம். குனிந்து பார்க்கச் சொன்னார். பள்ளத்துக்குள்ளே அம்மைத் தழும்பு மாதிரி சின்னச் சின்னக் குழிகள். விடிவதற்கு முன்னால் விட்ட மழையின் துளிகள். தடத்தின் மேல் மழை விழுந்திருக்கிறது, அப்படியென்றால் மழைக்கு முன்பே போயிருக்கிறது. பத்தடி தள்ளி இன்னொரு தடம், குளம்பு இரண்டாக அகன்று விரிந்து, பின்னால், காலில் சற்று மேலே இருக்கும் சின்னக் குளம்புகளின் இரு புள்ளிகளும் பதிந்திருந்தன. அது ஓடியிருக்கிறது. அதில் மழைக்குழி இல்லை. அன்று நான் பார்த்த வேலைக்குப் படிப்பு என்பதைத் தவிர வேறு பெயர் கிடையாது.

நான்காம் நாள் புல்லில் ரத்தம் பார்த்தோம். யாரோ இரவில் திருட்டுத்தனமாகச் சுட்ட கடமான். கணக்கெடுப்பை விட்டுவிட்டுப் பெரியவர் அதன் பின்னால் போனார், நானும் ஒட்டிக்கொண்டேன். நுரை கலந்த வெளிர்ச் சிவப்பாக இருந்தால் நுரையீரலில் பட்டது, அரைமணி நேரத்துக்குள் கதை முடிந்துவிடும், கிட்டத்திலேயே கிடக்கும். கரும்சிவப்பு என்றால் ஈரல், சில மணி நேரம். நாங்கள் பார்த்தது மிகக் கொஞ்சம். அதில் பச்சையாக ஏதோ கலந்திருந்தது. எடுத்து முகர்ந்து என் மூக்கருகே நீட்டினார். அரைகுறையாகச் செரித்த புல். வயிறு.

கடைசியாகப் பார்த்த சொட்டின் பக்கத்தில் ஒரு சுள்ளியை நட்டுவிட்டுத்தான் அடுத்த சொட்டைத் தேடுவார். கிடைக்காவிட்டால் சுள்ளிக்குத் திரும்பி வந்து அதைச் சுற்றிப் பெரிதாகப் பெரிதாக வட்டம் போடுவார். புல்லில் ரத்தம் எந்த உயரத்தில் பட்டிருக்கிறது என்று தன் காலோடு அளந்து பார்ப்பார். நடுவில் ஓரிடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. நான் போகலாம் என்றேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வயித்துல பட்டது தண்ணிக்குத்தான் போகும்” என்று சரிவில் இறங்கினார்.

ஓடைக்கரையில் படுத்திருந்தது, உயிரோடு. நான் ஓர் அடி எடுத்து வைத்தேன், என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். காற்று எங்கள் பக்கமாக வீசுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். நாங்கள் கிட்டே போனால் அது எழுந்து ஓடும், ஓடினால் சாவு இன்னும் ஒரு நாள் நீளும். அவர் கையில் ஆயுதம் ஏதும் இல்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தோம். இருட்டும் நேரத்தில் அது தலையைத் தாழ்த்தியது. அதற்குப் பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். “சுட்டவனுக்குக் கை இருக்கு, கால் இல்ல.”

அவர் தாம் கொன்ற ஒரு விலங்கைப் பற்றியும் என்னிடம் சொன்னதில்லை. தப்பிப்போன ஒன்றைப் பற்றிச் சொன்னார். நாற்பது வருடம் முன்பு, மூன்று நாள் தேடிக் கிடைக்காத ஒரு மான். எந்தப் பாறைக்கும் எந்தப் புதருக்கும் நடுவில் ரத்தம் நின்றுபோனது என்பது வரை நினைவு வைத்திருந்தார்.

ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைநிலத்தில் தலைமுறைகளாக வேட்டையாடி வந்த சான் பழங்குடி மக்களிடம், பெரியவர் சொன்ன இந்தக் கால் எப்படி இருக்கிறது பாருங்கள். அவர்களுடைய வில் சின்னது, அம்பு எடை இல்லாதது, கிட்டே ஊர்ந்து போனால்தான் எய்ய முடியும். ஒரு வகை வண்டின் புழுவிலிருந்து எடுக்கும் நஞ்சைக் கூர்முனையில் பூசாமல் அதற்குப் பின்னால் பூசுவார்கள், தங்கள் கையில் குத்திவிடக் கூடாது என்பதற்காக. நஞ்சு வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும், பெரிய விலங்கு என்றால் நாள்கணக்கில். அம்பின் தண்டு பாதியில் கழன்று விழுந்துவிடும், முனை விலங்கின் உடம்பிலேயே தங்கும். எய்ததோடு முடிந்துவிடுகிற வேட்டை அங்கே கிடையாது. அதற்குப் பிறகுதான் தொடக்கம். ஒரு மந்தையில் கலந்துவிட்ட அந்த ஒன்றின் தடத்தை மட்டும் பிரித்தெடுத்து மறுநாளும் போக வேண்டும். கறி கிடைத்தால், பங்கு வைக்கும் உரிமை அம்பின் சொந்தக்காரருக்கு. அம்பு இரவல் வாங்கியதாகவும் இருக்கலாம். பெரிய விலங்கைக் கொண்டு வந்தவனைப் பார்த்து, இந்த எலும்புக்கூட்டுக்கா எங்களை அழைத்தாய் என்று வைவார்கள், தலைக்கனம் ஏறிவிடக் கூடாதாம். உங்கள் நண்பரை அங்கே ஒரு மாதம் இருக்கச் சொல்லலாம்.

சரி, தேடிப் போகாவிட்டால் என்ன ஆகும்? 1907இல், இன்றைய உத்தராகண்டின் குமாவுன் மலையில், ஆட்கொல்லிகளை வேட்டையாடிப் பேர் பெற்ற ஜிம் கார்பெட் சம்பாவத் ஊரின் ஆட்கொல்லிப் பெண்புலியைச் சுட்டார். நேபாளத்திலும் குமாவுனிலுமாக அது கொன்றவர்கள் 436 பேர் என்பது அவர் தரும் கணக்கு. புலியின் வாயைத் திறந்து பார்த்தால், வலப்பக்க மேல் கோரைப்பல் பாதி உடைந்திருந்தது, கீழ்ப்பல் எலும்பு வரை போய்விட்டிருந்தது. பழைய துப்பாக்கிக் காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களிடம் வந்தது என்று கார்பெட் முடிவு கட்டினார். எவனோ ஒருவன் எங்கோ ஒரு நாள் சுட்டான். அடிபட்டு ஓடியது, அவன் வீட்டுக்குப் போய்விட்டான். புல் அறுக்கவும் விறகு பொறுக்கவும் போன பெண்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். சுட்டவனின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. எனக்கு நினைக்க நினைக்க ஆத்திரமாக வருகிறது.

உங்கள் மீதும் கோபம்தான். கடிதத்தின் உயிரைப் பின்குறிப்பில் போட்டுவிட்டு, நண்பரின் காணொளியை மேலே வைத்திருக்கிறீர்கள். ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லையாம். நன்றாகத் தெரியும் உங்களுக்கு.

ஆனால் பன்னிரண்டு வயதுப் பையனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. பயந்திருப்பான். தொட்டிக்குப் பின்னால் அது துடித்துக்கொண்டு கிடந்தால் என்ன செய்வது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. துப்பாக்கியை இரவல் கொடுத்தவர் அதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

பெரியவர் எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தது, அடிபட்ட விலங்கு நின்ற இடத்தையும் போன திசையையும் மனதில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பது. கிழக்கே, தாழ்வாக, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என்று எழுதியிருக்கிறீர்கள். இத்தனை வருடம் கழித்து, திசையோடு.

அந்தத் தொட்டி இன்னும் இருக்கிறதா? இருந்தால் ஒரு நாள் அதன் பின்பக்கம் போய்ப் பாருங்கள். ஒன்றும் இருக்காது. போய்ப் பாருங்கள்.

அன்புடன்.