ஊர் மாறினால் சம்பளம் ஏன் குறைகிறது?

வீட்டிலிருந்தே செய்யும் அதே வேலைக்கு, சான்பிரான்சிஸ்கோவை விட்டுச் சிறிய ஊருக்குப் போனதும் சம்பளத்தைக் குறைப்பது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

விலைவாசியைக் காரணம் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். உங்கள் வீட்டு வாடகையைப் பற்றி நிறுவனத்துக்குக் கவலையில்லை. அந்த ஊரில் உங்களைப் போன்ற ஒருவரை எவ்வளவு கொடுத்தால் பிடிக்கலாம் என்பதே கணக்கு. அதனால்தான் வாடகை மட்டும் ஏறி, போட்டி நிறுவனங்கள் வராத ஊரில் சம்பளம் அசையாது. கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனம் இதை ஒளிக்கவில்லை: உள்ளூர்ச் சந்தை ஊதியமே அளவுகோல் என்று யாரும் படிக்கக்கூடிய தன் கையேட்டிலேயே சொல்கிறது.

2020இல் ஸ்ட்ரைப் என்ற இணையப் பணப்பரிமாற்ற நிறுவனம், சான்பிரான்சிஸ்கோ, நியூயார்க், சியாட்டில் நகரங்களை விட்டுப் போகிறவர்களுக்கு ஒரே முறை 20,000 டாலர் தந்து, சம்பளத்தில் 10 சதவீதம் வரை குறைக்க முன்வந்தது. ஆண்டுக்கு 2,00,000 டாலர் வாங்குபவருக்கு 10 சதவீதம் வெட்டினால் அந்தப் பணம் ஓராண்டிலேயே கரைந்துவிடும்! அதே ஆண்டு ரெடிட் நிறுவனமோ, அமெரிக்காவுக்குள் ஊர்வாரி ஊதிய வேறுபாட்டையே நீக்கியது.

ஆகவே பேரம் பேசும்போது வாடகை ரசீதை நீட்டாதீர்கள். இன்னொரு நிறுவனத்தின் வேலை உத்தரவு கையில் இருந்தால் அதைக் காட்டுங்கள்.