பிள்ளை வளர்ப்புக்கு ஒரு முதுநிலைப் பட்டமா? மன்னார்குடித் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

மனையியலில் இளநிலைப் பட்டம் முடித்த தங்கள் மகள் ‘மனித வளர்ச்சியும் குடும்பவியலும்’ என்ற முதுநிலைப் படிப்பில் சேர விரும்புவதாகவும், பிள்ளை வளர்க்க அப்பாயிக்குத் தெரியாததையா கல்லூரியில் சொல்லித் தரப் போகிறார்கள், முடித்து வந்தாலும் பால்வாடி டீச்சர் வேலைதானே என்று வீட்டில் பேச்சு எழுவதாகவும் எழுதியிருந்தீர்கள்.

அப்பாயியின் அறிவை நான் குறைவாக எண்ணவில்லை. இரண்டு வயதாகியும் பேசாத பேரனைப் பார்த்து ‘இவன் அப்பனும் இப்படித்தான், மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்’ என்று அவர் சொல்வது பல வீடுகளில் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாத அந்த ஒரு வீட்டில், காது கேளாமையா, ஆட்டிசமா, அல்லது நாள் முழுவதும் கைப்பேசியோடு விடப்பட்டதால் வந்த தாமதமா என்று ஐயம் எழுப்பி, நேரம் கடக்குமுன் உரிய மருத்துவரிடம் அனுப்பத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்தக் கண்ணைப் பழக்குவதுதான் இந்தப் படிப்பின் முதல் வேலை.

கருவில் தொடங்கி முதுமை வரை மனிதர் வளரும் விதத்தைப் பியாஜே, எரிக்சன், வைகாட்ஸ்கி ஆகிய உளவியல் அறிஞர்களின் கோட்பாடுகளோடு கற்பிப்பார்கள். இவர்களுடன் யூரி பிரான்ஃபென்பிரென்னரும் வருவார். குழந்தையைத் தனியே பார்க்காமல், வீடு, பள்ளி, பெற்றோரின் பிழைப்பு, அரசின் கொள்கை என ஒன்றை ஒன்று சூழ்ந்த வட்டங்களுக்குள் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து. டெல்டாக்காரர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. ஜூன் 12-இல் மேட்டூரில் தண்ணீர் திறக்காவிட்டால் குறுவை நடவு தள்ளிப்போகிறது, தாயின் கூலி நின்றுபோகிறது, தந்தை திருப்பூருக்குப் பஸ் ஏறுகிறார், பிள்ளை அம்மாச்சி வீட்டில் விடப்படுகிறது. கூத்தாநல்லூரிலும் முத்துப்பேட்டையிலும் வளைகுடாவில் உழைக்கும் தந்தையை வீடியோ காலிலேயே அறிந்து வளரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடி தங்கள் மகள் வேறெங்கும் போக வேண்டியதில்லை.

இனி வேலை. பட்டத்தின் பெயரிலேயே ஒரு பதவி காத்திருக்கும் படிப்பு இது அன்று என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ் தமிழகத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இயங்குகின்றன. அவற்றை வட்டார அளவில் வழிநடத்தும் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர் பணியிடம், பால்வாடி டீச்சர் வேலையிலிருந்து பல படிகள் மேலே உள்ளது. ஆனால் அறிவிக்கை வரும்போதெல்லாம் எந்தப் பட்டங்களை ஏற்கிறார்கள் என்பதை வரிவரியாகப் படிக்க வேண்டும். மகளின் மனையியல் இளநிலைப் பட்டமே அங்கே முதுநிலையைவிட அதிகம் கைகொடுக்கக்கூடும். இது தவிர மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள், தொண்டு நிறுவனங்கள், சிறப்புக் குழந்தைகளுக்கான மையங்கள், மழலையர் பள்ளிகளின் பாடத்திட்டப் பணி ஆகியவை உள்ளன. 2017-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத் திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பக வசதியைக் கட்டாயமாக்கியிருப்பதால், அதை முறையாக நடத்தத் தெரிந்தவர்களுக்கும் இடமுண்டு. கல்லூரி ஆசிரியராக வேண்டுமென்றால் அதற்கான தேசியத் தகுதித் தேர்வான யுஜிசி நெட் தேர்வை மனையியல் பாடத்தில் எழுத வேண்டும். அதன் பாடத்திட்டத்தின் பத்து அலகுகளில் இரண்டுதான் தங்கள் மகளின் துறை. மற்றவை உணவு, துணி, வீட்டு அலங்காரம், மக்களிடம் அறிவைக் கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணி என்று போகும். ஆகவே இளநிலைப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட வேண்டாம்.

ஒரு தவறான நம்பிக்கையை மட்டும் இப்போதே களைந்துவிடுங்கள். இந்தப் பட்டம் ஒருவரை மருத்துவ உளவியலாளர் ஆக்காது. அதற்கு உளவியல் பட்டமும், இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற பயிற்சியும், அக்கவுன்சிலின் பதிவும் வேண்டும். மகளின் மனத்தில் இருப்பது அந்த நாற்காலிதான் என்றால், சேருமுன்பே பாதையை மாற்றிக்கொள்வது நல்லது. என்னிடம் வருகிற பெண்களில் பாதிப் பேர் இந்த இரண்டையும் ஒன்றென்றே நினைத்து வருகிறார்கள்.

எங்கே படிப்பது என்பதில் தங்களுக்குத் தூரம்தான் முதல் கேள்வி; எனக்கு அது மூன்றாவது. மாணவியர் குழந்தைகளை நேரில் கவனித்துப் பழகக் கல்லூரிக்குச் சொந்தமாக ஆய்வக மழலையர் பள்ளி இருக்கிறதா, களப்பயிற்சி எத்தனை வாரம் என்பவை முதல் இரண்டு. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம் பெண்களுக்கே உரிய நிகர்நிலைப் பல்கலைக்கழகம். மனித வளர்ச்சித் துறை அங்கே நெடுங்காலமாக உள்ளது, விடுதியும் உண்டு. வெளிமாநிலம் அனுப்பத் துணிந்தால், பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் துறைக்கு இத்துறையில் தனி மதிப்பு. ‘சேத்தன் பால்வாடி’ என்ற மழலையர் பள்ளியை அத்துறையே நடத்துகிறது. 1932-இல் தொடங்கிய டெல்லி லேடி இர்வின் கல்லூரியும் நல்ல தேர்வு. வேளாண்மைப் பல்கலைக்கழகங்களில் இதே பாடம் இருந்தாலும், பொதுவாக அங்கே நான்காண்டு இளநிலைப் பட்டம் கேட்பார்கள்.

அமெரிக்காவுக்கு அனுப்பிப் படிக்க வைக்கலாம் என்று தங்கள் மைத்துனர் சொன்னாராம். அங்கே முனைவர் படிப்புக்குக் கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ சேர்ந்தால் கட்டணம் தள்ளுபடியாவதும் உதவித்தொகை கிடைப்பதும் உண்டு. கைக்காசில் படிக்கும் முதுநிலைக்காக நிலத்தை அடகு வைப்பதை நான் ஏற்கமாட்டேன். இத்துறையில் தொடக்க ஊதியம் அந்தக் கடனைத் தாங்காது.

டெல்லிக்கு என்றால் மத்தியப் பல்கலைக்கழக முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பம் சம்பா அறுவடைக் காலத்திலேயே வந்துவிடும்; கோயம்புத்தூருக்குக் கோடையில் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த வாரம் மகளை மதிப்பெண் பட்டியல்களுடன் என்னிடம் அனுப்புங்கள். வருமுன் பக்கத்து அங்கன்வாடியில் அனுமதி கேட்டு ஒரு காலைப்பொழுது முழுவதும் உட்கார்ந்து, ஒரே ஒரு குழந்தையை மட்டும் கவனித்து, கண்டதை இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள்.