எம் மோடிலும் படம் ஒன்று இருட்டு, ஒன்று வெளுப்பு: மதர்போர்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: சில வருடங்களாக ஒரு டிஎஸ்எல்ஆர் வைத்திருக்கிறேன். கூடவே வந்த 18–55 ஜூம் லென்ஸ்தான். எல்லாவற்றையும் நாமே வைக்கிற எம் (மேனுவல்) மோடில், ஒரே இடத்தில் நின்று, எதையும் தொடாமல் அடுத்தடுத்து எடுத்தாலும் ஒரு படம் சரியாக இருக்கிறது, ஒன்று இருட்டடிக்கிறது, இன்னொன்று வெளுத்துப்போகிறது. அரங்கத்துக்குள் அதிகம், வெளியிலும் சில சமயம் உண்டு. பழுதுபார்ப்பவர், மீட்டர் போய்விட்டது, மதர்போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள்.

மீட்டரின் வேலை வெளிச்சத்தை அளந்து சொல்வது மட்டும்தான். எம் மோடில் ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்), அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மூன்றையும் நீங்களே வைத்துவிட்டால், மீட்டர் என்ன உளறினாலும் படம் மாறாது. அது முழுக்கச் செத்திருந்தாலும் ஐந்து படமும் ஒரே மாதிரிதான் வர வேண்டும். கேமராவைத் திறந்து மூடுகிறவருக்கு இது தெரியாமல் இருக்க வழியில்லை. தெரிந்தே சொல்கிறார் என்றால், அவர் விற்கப் பார்ப்பது மதர்போர்டு.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பாதிப் பேர் விழுகிற குழி அதுதான். ஐஎஸ்ஓ ஆட்டோவில் இருந்தால் எம் மோடு பெயருக்குத்தான் எம். ஷட்டரும் அப்பர்ச்சரும் உங்கள் கையில், ஐஎஸ்ஓ மட்டும் கேமராவின் கையில். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஃபிரேமுக்குள் வந்தால் ஐஎஸ்ஓவைக் குறைத்துவிடும், படம் இருட்டும். கறுப்புத் திரை வந்தால் ஏற்றிவிடும், வெளுக்கும். நீங்கள் எதையும் தொடவில்லை என்பது உண்மைதான், தொட்டது கேமரா. சில கேமராக்களில் நீங்களே 400 என்று வைத்தாலும், மெனுவுக்குள் ஆட்டோ ஐஎஸ்ஓ ஆனில் இருந்தால் 400-ஐத் தாண்டி ஏற்றும். எம் என்று எழுதிய இடத்திலேயே இதைக் காட்டினால் என்ன குறைந்துவிடும்? நூற்றுக்கணக்கான பக்கம் கையேடு போடுகிறார்கள், அதில் இது ஏதோ ஒரு மூலையில் கிடக்கும்.

ஆகவே முதல் வேலை, கெட்ட படத்தையும் நல்ல படத்தையும் பக்கத்தில் வைத்து, ஃபைலுக்குள் பதிவாகியிருக்கும் ஷட்டர், அப்பர்ச்சர், ஐஎஸ்ஓ எண்களைப் பாருங்கள். கேமரா திரையிலேயே தெரியும். மெசேஜ் ஆப்பில் அனுப்பிய படத்தில் தேடாதீர்கள். பெரும்பாலும் அவை அந்த விவரத்தைக் கழற்றிவிடும். மெமரி கார்டில் இருக்கும் அசல் ஃபைல்தான் வேண்டும்.

எண்கள் படத்துக்குப் படம் மாறுகிறதா? அப்படியானால் பழுது எதுவும் இல்லை, கேமரா தானாக முடிவெடுக்கிறது. ஆட்டோ ஐஎஸ்ஓவை அணையுங்கள். சரி, இருட்டு, வெளுப்பு என்று மூன்று மூன்றாக ஒழுங்காகத் திரும்பி வந்தால் பிராக்கெட்டிங் (ஒரே காட்சியை வேண்டுமென்றே வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுக்கும் வசதி) ஆனில் இருக்கிறது. சில மாடல்களில் கேமராவை அணைத்துப் போட்டாலும் அது போகாது, மெனுவில் போய்த்தான் நிறுத்த வேண்டும்.

எண்கள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தும் படம் வேறாக இருந்தால், அரங்கத்துக்குள் முதல் சந்தேகம் விளக்கின் மேல். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டியூப் லைட்டும் மலிவான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, 1/500 நொடியில் எடுக்கும் கேமராவுக்குத் தெரியும். ஒரு படம் பிரகாசத்தைப் பிடிக்கும், அடுத்தது மங்கலைப் பிடிக்கும். நிறமும் கொஞ்சம் மாறியிருக்கும். 1/100 அல்லது 1/50-ல் எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும்.

வெளியிலும் வருகிறது என்கிறீர்களே, அதற்கு லென்ஸைச் சோதிக்க வேண்டும். மேகம் ஓடாத நேரத்தில், வெளியே நிழலில், ஒரு சுவரைப் பார்த்து டிரைபாடில் வையுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். லென்ஸை 55-க்குத் திருப்பி, எஃப்/5.6, 1/125, ஐஎஸ்ஓ 100 என்று வைத்துப் பத்துப் படம் எடுங்கள். 55-ல் எஃப்/5.6 என்றால் இந்த லென்ஸ் முழுக்கத் திறந்த நிலை. இருட்டாக இருந்தால் ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளலாம். அப்புறம் ஷட்டரைத் தொடாமல், திறப்பு சிறிதாகும் எஃப்/11-க்குப் போய், ஐஎஸ்ஓவை நான்கு மடங்காக்கி இன்னொரு பத்து.

முதல் பத்தும் ஒன்றாக இருந்து, இரண்டாவது பத்தில் மட்டும் சில வெளுத்திருந்தால் குற்றவாளி பெரும்பாலும் அப்பர்ச்சர் இதழ்கள், அதாவது லென்ஸுக்குள் திறப்பைச் சுருக்கும் மெல்லிய தகடுகள். டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் எப்போதும் முழுக்கத் திறந்தே இருக்கும். படம் எடுக்கும் கணத்தில்தான் இதழ்கள் சட்டென்று சுருங்கும். எண்ணெய் கசிந்து ஒட்டிக்கொண்டால் நேரத்துக்குச் சுருங்காது, வெளிச்சம் கூடுதலாகப் புகும். பழைய லென்ஸ் விற்கிறவர் முழுக்கத் திறந்து எடுத்த படங்களை மட்டும் மாதிரிக்குக் காட்டினால் நம்பிவிடாதீர்கள். அதில் இந்தக் கோளாறு தெரியவே தெரியாது. மாற்று லென்ஸ் வாங்கப் போனால் எஃப்/11-லும் நாலைந்து எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். உள்ளே ஸ்பிரே அடித்துச் சரிசெய்கிறேன் என்பவரிடம் லென்ஸைக் கொடுக்காதீர்கள். அடித்த திரவமே இதழில் போய் ஒட்டும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் இதழைத் துடைத்துத் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். முழு யூனிட்டையும் மாற்றத்தான் மதிப்பீடு வரும், இந்த வகை லென்ஸின் விலைக்கே அது நெருங்கிவிடும். துடைத்தால் போகிற எண்ணெய்க்கு ஒரு லென்ஸையே தூக்கிப்போட வைக்கிறார்கள். ஆனாலும் உங்களுக்கு வேறு லென்ஸ் வாங்குவதே மிச்சம்.

இரண்டு பத்திலும் தாறுமாறாக வந்தால், லென்ஸைக் கழற்றித் தெரிந்தவர் லென்ஸ் ஒன்றை மாட்டி அதே சோதனையைச் செய்யுங்கள். அப்போதும் வந்து, 1/2000 போன்ற வேகத்தில் இன்னும் மோசமாகி, 1/30-ல் அடங்கினால் ஷட்டர் தேய்ந்திருக்கிறது. அது நிஜமான பழுது. அப்போதும் கேட்க வேண்டியது ஷட்டர் யூனிட்டுக்கான விலையைத்தான். இருபது படங்களின் அசல் ஃபைலையும் கொண்டுபோய்க் காட்டி, மதர்போர்டு என்று சொன்னவரிடம், எந்தப் படத்தைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேளுங்கள்.