தேவை வந்தால் உயிர்கள் மாறிவிடுமா? பரிணாமம் பற்றிய கேள்வி பதில்

கே: வறட்சி வந்தால் பறவையின் அலகு அதற்கேற்பப் பெரிதாகும் என்று படித்தேன். எப்படி?

ப: எந்தப் பறவையின் அலகும் மாறவில்லை. இது பிடிபட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பசிபிக் கடலின் காலபகோஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னே மேஜர் என்ற சின்னத் தீவில் 1977-ல் மழை பொய்த்தது. ஃபிஞ்ச் குருவிகள் தின்னும் சிறு விதைகள் முதலில் தீர்ந்தன. மிஞ்சியவற்றில் முக்கியமானது நெருஞ்சி இனத்து முள்காய். அதை உடைக்கத் தடித்த அலகு வேண்டும். தடித்த அலகும் மெல்லிய அலகும் வறட்சிக்கு முன்பே அந்தக் கூட்டத்தில் கலந்துதான் இருந்தன. மெல்லியவை அதிகம் செத்தன. பிழைத்தவற்றின் சராசரித் தடிப்பு ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கூடுதல். அலகின் அளவு பரம்பரையாக வருவதால் குஞ்சுகளிலும் அது தெரிந்தது. உயிரியலாளர்களான பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியின் குழுவினர் பறவை பறவையாகப் பிடித்து அளந்த கணக்கு இது. 1983-ல் பெருமழை பெய்து சிறு விதைகள் பெருகவே, இயற்கைத் தேர்வு, அதாவது எது பிழைக்கும் என்ற வடிகட்டல், எதிர்த்திசையில் திரும்பியது.

கே: தேவையான வேறுபாடு கூட்டத்தில் இல்லாமலே போனால்?

ப: கூட்டம் குறையும், அழியவும் செய்யும். பூமியில் தோன்றிய இனங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை.

கே: முற்றிலும் புதிய திறன் உண்டாவதை யாராவது நேரில் பார்த்திருக்கிறார்களா?

ப: அமெரிக்க உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988-ல் 12 குடுவைகளில் ஈ.கோலை பாக்டீரியாவை வளர்க்கத் தொடங்கினார். தினமும் 0.1 மி.லி. எடுத்து 9.9 மி.லி. புதிய ஊடகத்தில், அதாவது பாக்டீரியா வளரும் சத்துநீரில், விடவேண்டும். மறுநாளைக்குள் அது நூறு மடங்கு பெருகும்; ஓர் இரட்டிப்பு ஒரு தலைமுறை என்றால் இது ஏறக்குறைய 6.6 தலைமுறை. 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறையவைத்துச் சேமிப்பார்கள். ஊடகத்தில் குளுக்கோஸ் குறைவு, சிட்ரேட் (சிட்ரிக் அமிலத்தின் உப்பு) ஏராளம். ஆனால் ஆக்சிஜன் இருக்கும்போது ஈ.கோலையால் சிட்ரேட்டை உண்ண முடியாது. சுமார் 33,000 தலைமுறைக்குப் பிறகு ஒரே ஒரு குடுவை வழக்கத்தைவிடக் கலங்கியது. வேறு பாக்டீரியா புகுந்துவிட்டதோ என்ற சந்தேகம் முதலில் வரும். சோதித்ததில் அதே வம்சம்தான், சிட்ரேட்டை உண்ணக் கற்ற வம்சம். எனக்கு இதைவிட முக்கியம் அடுத்த சோதனை. உறைந்த மூதாதைகளை எழுப்பி மறுபடி வளர்த்தபோது, பிந்தைய தலைமுறைகளிலிருந்து வந்தவற்றில் மட்டுமே அத்திறன் திரும்ப வந்தது. முன்கூட்டி நடந்த வேறு மரபணு மாற்றங்கள் அதற்கு வழிவிட்டிருந்தன.

கே: எல்லா மாற்றமும் தேர்வால்தானா?

ப: இல்லை. நன்மையோ தீமையோ செய்யாத புதிய மாற்றம், 50 உயிர்கள் கொண்ட கூட்டத்தில் தற்செயலாகவே எல்லோரிடமும் பரவ நூற்றில் ஒரு வாய்ப்பு உண்டு (நம்மைப்போல் ஒவ்வோர் உயிரிலும் மரபணு இரண்டு படி இருந்தால், மொத்தம் 100 படி). கூட்டம் சிறுக்கச் சிறுக்கத் தற்செயலின் பிடி இறுகும்.

கே: புதிய இனம் உருவாக லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டுமா?

ப: தாவரங்களில் சில தலைமுறையே போதும். ஐரோப்பாவிலிருந்து வட அமெரிக்கா சென்ற டிராகோபோகன் செடிகளுக்கு 12 குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை). இரு இனங்கள் கலந்து பிறந்த செடியில் குரோமோசோம்களுக்குச் சரியான ஜோடி கிடைக்காததால் விதை பெரும்பாலும் பிடிக்காது. குரோமோசோம் இரட்டித்து 24 ஆனதும் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைத்தது, விதை பிடித்தது. இப்படிப் பிறந்த இரண்டு புதிய இனங்களை 1950-ல் விவரித்தார்கள். அவை பெற்றோர் இனத்தோடு கலந்தால் வரும் செடிக்கு 18; அதற்கு மறுபடியும் ஜோடிச் சிக்கல். அதனால்தான் அவை தனி இனம்.