வாடகை ரசிகர்களும் வாங்கிய வியூஸும்: கேள்வி பதில்

தென்னாப்பிரிக்கத் தமிழ் இசைக்காரர்களே, ஸ்ட்ரீமிங் கணக்கு, யூடியூப் வியூஸ், ரசிகர் பக்கங்கள், பாட்டு விளம்பரம் ஆகியவற்றில் நடக்கும் பித்தலாட்டங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். ராயல்டி பாகப்பிரிவினை, குழுவுக்குள் சண்டை இதெல்லாம் வேண்டாம். இன்னொன்று: பாஸ்வேர்டையும் போனுக்கு வரும் குறியீட்டு எண்ணையும் யாருக்கும் தராதீர்கள். இதை இன்னும் சில தடவை சொல்லவேண்டியிருக்கும் என்று தெரியும்.

சாட்ஸ்வர்த் பாடகர்: அக்கா, இன்ஸ்டாகிராமில் ஒருத்தர் 1,500 ரேண்டுக்கு ஸ்பாட்டிஃபையில் 50,000 ஸ்ட்ரீம் 'கேரண்டி' என்கிறார். எல்லாம் நிஜ ஆட்கள், பாட் (தானாக இயங்கும் கணினி நிரல்) கிடையாது என்றும் சொல்கிறார். எடுக்கலாமா?

எடுக்காதீர்கள் தம்பி. மனிதர்கள் ஒரு பாட்டை எத்தனை தடவை கேட்பார்கள் என்று யாராலும் கேரண்டி கொடுக்க முடியாது. கொடுக்கிறார் என்றால் கேட்பது மனிதர்கள் இல்லை.

வேலை நடப்பது இப்படி. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் ஒரு ஸ்ட்ரீம். ஆயிரக்கணக்கில் போலிக் கணக்குகளை வைத்துக்கொண்டு, ஒரு பிளேலிஸ்ட்டில் நாலு பிரபலமான பாட்டுக்கு நடுவே உங்கள் பாட்டைச் செருகுவார்கள். பாட் 30 விநாடியைத் தாண்டியதும் அடுத்த பாட்டுக்குப் போய்விடும். பிளேலிஸ்ட்டின் பெயர் 'மழைக்கால மாலை' என்று அழகாகவே இருக்கும்.

அந்த ஆளிடம் அவ்வளவு சக்தி இருந்தால் ஏன் உங்களிடம் 1,500 ரேண்டுக்கு வருகிறார், தன் பாட்டையே ஓட்டிச் சம்பாதிக்கலாமே? அதையும் செய்து பார்த்தவர் இருக்கிறார். அமெரிக்காவில் மைக்கேல் ஸ்மித் என்பவர் மீது 2024 செப்டம்பரில் வழக்குத் தொடர்ந்தார்கள். ஏஐ உருவாக்கிய லட்சக்கணக்கான பாட்டுகளை ஏற்றி, பாட்களை வைத்து ஓட்டி, 1 கோடி டாலருக்கு மேல் ராயல்டி வாங்கினார் என்பது குற்றச்சாட்டு. ஏன் லட்சக்கணக்கில் பாட்டு? ஒரே பாட்டு எகிறினால் மாட்டிக்கொள்ளலாம், ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் ஓடினால் கண்ணில் படாது. உங்களிடம் இருப்பதோ ஒரே ஒரு பாட்டு. அது எகிறும், கண்ணில் படும்.

பட்டால் தண்டனை விற்றவனுக்கு இல்லை. 2024 முதல், ஒரு பாட்டில் அப்பட்டமான போலி ஸ்ட்ரீம் கண்டுபிடித்தால் ஸ்பாட்டிஃபை, உங்கள் பாட்டை ஆப்புகளில் ஏற்றித்தரும் விநியோக நிறுவனத்திடம் அபராதம் வாங்குகிறது. பாட்டுக்கு ஏறத்தாழ 10 யூரோ. பல விநியோகக்காரர்கள் அதை அப்படியே உங்கள் தலையில் கட்டுவார்கள். திரும்பத் திரும்ப நடந்தால் பாட்டு இறங்கும், கணக்கும் மூடப்படலாம்.

பீனிக்ஸ் இசைக்குழு: நாங்கள் யாரிடமும் காசு கொடுக்கவில்லை. ஆனால் போன வாரம் எங்கள் பாட்டுக்குத் திடீரென்று 18,400 ஸ்ட்ரீம். கேட்டவர்கள் 17,900. சேவ் செய்தது 9 பேர். மேலே இருக்கும் நகரங்கள் ஆஷ்பர்ன், ஃபிராங்க்பர்ட். டர்பன் ஐந்தாவது இடம். சந்தோஷப்படலாமா?

வேண்டாம், உடனே வேலையில் இறங்குங்கள். நீங்கள் கொடுத்த எண்களே எல்லாவற்றையும் சொல்கின்றன. 17,900 பேரில் ஏறக்குறைய ஒவ்வொருவரும் ஒரே ஒரு தடவை கேட்டிருக்கிறார்கள். பிடித்தவன் மறுபடி கேட்பான், பிடிக்காதவன் 10 விநாடியில் தள்ளிவிடுவான், அது ஸ்ட்ரீமாகவே விழாது. எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே ஒரு தடவை, அதுவும் 30 விநாடியைத் தாண்டிக் கேட்பது மனித சுபாவம் இல்லை. 9 சேவ் என்பது ஆயிரத்துக்கு ஒன்றுகூட இல்லை. ஆஷ்பர்ன் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருக்கிறது, டேட்டா சென்டர்கள் குவிந்த இடம். ஃபிராங்க்பர்ட்டும் அப்படியே. தமிழ்ப் பாட்டுக்கு டர்பனும் லெனேசியாவும் பின்னால் போய் ஆஷ்பர்ன் முதலிடம் என்றால் அங்கே கேட்டது சர்வர்தான்.

உங்களைக் கேட்காமலே உங்கள் பாட்டைச் சேர்ப்பது ஏன் என்றால், பாட் பிளேலிஸ்ட்காரர்கள் காசு கொடுத்தவர் பாட்டை மறைக்க மற்றவர் பாட்டையும் கலந்து போடுவார்கள். பாடகர்களுக்கான கணக்குப் பக்கமான ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் அந்தப் பாட்டைத் திறந்து, எந்தப் பிளேலிஸ்ட்டிலிருந்து ஸ்ட்ரீம் வந்தது என்று பாருங்கள். பிளேலிஸ்ட்டின் பெயர், லிங்க், நாள்வாரி எண்ணிக்கை எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். தேதி தெரியவேண்டும். முதலில் விநியோக நிறுவனத்துக்கு எழுதுங்கள், பிறகு ஸ்பாட்டிஃபையின் புகார்ப் படிவம். 'நாங்கள் செய்யவில்லை, நாங்களே கண்டுபிடித்துச் சொல்கிறோம்' என்பது அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் போய்ச் சேரவேண்டும். அந்த எண்ணை வைத்து போஸ்டர் மட்டும் அடித்துவிடாதீர்கள், அப்புறம் யாரும் நம்பமாட்டார்கள்.

டோங்காட் அம்மா: மகனுக்கு 'மெட்டா காப்பிரைட் டீம்' என்று மெசேஜ் வந்திருக்கிறது. 24 மணி நேரத்தில் லிங்கில் போய் உள்நுழையாவிட்டால் பக்கம் போய்விடுமாம்.

திருட்டு மெசேஜ், ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்தும் மெட்டா அனுப்பியது இல்லை. லிங்கைத் தொடவேண்டாம், ஆப்புக்குள் போய் அக்கவுண்ட் ஸ்டேட்டஸைப் பாருங்கள். ஏற்கெனவே தொட்டிருந்தால் இப்போதே பாஸ்வேர்டை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள். 'போட்டியில் எனக்கு ஓட்டுப் போடு, உனக்கு வரும் ஆறு இலக்க எண்ணை அனுப்பு' என்று வாட்ஸ்அப்பில் தெரிந்தவர் பெயரிலேயே வருவதும் இதே ரகம். அது ஓட்டு இல்லை, உங்கள் வாட்ஸ்அப் கணக்கின் சாவி.

மேரிபேங்க் கீபோர்டு: இந்தியாவில் சில பாட்டுக்கு ஒரே நாளில் கோடிக்கணக்கில் வியூஸ் வருகிறதே, அதுவும் பாட் வேலையா?

பெரும்பாலும் பாட் இல்லை, விளம்பரம். யூடியூபில் உங்கள் வீடியோவையே விளம்பரமாக ஓட்டலாம். தள்ளிவிடக்கூடிய விளம்பரத்தை ஒருவர் 30 விநாடி பார்த்தாலோ, தட்டினாலோ, அது வீடியோவின் வியூஸில் சேரும். சமையல் வீடியோ பார்க்க வந்தவர் கையில் மாவு, ஸ்கிப் அழுத்தவில்லை, உங்களுக்கு ஒரு வியூ. விதிப்படி இது மோசடி இல்லை. மோசடி எங்கே தொடங்குகிறது என்றால், அந்த எண்ணை 'ரசிகர்கள் கொண்டாடிய சாதனை' என்று போஸ்டர் அடிக்கும்போது. 2019 ஜூலையில் ஒரு ஹிந்திப் பாட்டு 24 மணி நேரத்தில் 7.5 கோடி வியூஸ் என்று அறிவித்து பெரிய சர்ச்சையானது. அந்த செப்டம்பரில் யூடியூப் விதியை மாற்றியது. 24 மணி நேரச் சாதனைக்கும் மியூசிக் சார்ட்டுக்கும் விளம்பர வியூஸ் கணக்கில் வராது. வீடியோவுக்குக் கீழே தெரியும் எண்ணில் மட்டும் இன்னமும் சேர்கிறது.

சேனலில் வருமானம் வரவைக்க 4,000 மணி நேரப் பார்வை வேண்டும் என்று விளம்பரம் ஓட்டுபவர்கள் கவனிக்க: விளம்பரத்தில் பார்த்த நேரம் அந்தக் கணக்கில் சேராது. ஷார்ட்ஸ் எனும் யூடியூப் குறும் வீடியோவின் வியூஸை வைத்தும் பெருமையடிக்காதீர்கள். 2025 மார்ச் 31 முதல் வீடியோ ஓடத் தொடங்கினாலே ஒரு வியூ.

வெருலம் ரசிகர்: 10,000 வியூஸுக்கு எத்தனை ரேண்டு நியாயம்?

விலை கேட்கும் பொருளே இல்லை. முதல் பதிலைப் பாருங்கள்.

சாட்ஸ்வர்த் இளைஞர்: டிக்டாக்கில் 10,000 ஃபாலோயர்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு நிறுத்திவிட்டால்?

அதே கேள்விக்கு வேறு சட்டை. வாங்கிய 10,000 பேரும் உங்கள் அடுத்த வீடியோவைப் பார்க்கமாட்டார்கள். பின்தொடர்பவனே பார்க்காத வீடியோவை ஆப் வேறு யாருக்கு ஏன் காட்டவேண்டும்? காசு கொடுத்து உங்கள் பாட்டை நீங்களே புதைக்கிறீர்கள். இதோடு விலை, ஃபாலோயர்ஸ் கேள்விகளை நிறுத்திக்கொள்வோம்.

பீட்டர்மரிட்ஸ்பர்க் நிகழ்ச்சி அமைப்பாளர்: பாட் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிஜ ஆட்களை வைத்து முப்பது ரசிகர் பக்கம் நடத்தினால் என்ன தப்பு? பாரிஸ் ஆப்பராவில் கைதட்டுவதற்கே கூலிக்கு ஆள் வைத்திருந்தார்கள். நம்ம சினிமாவில் முதல் காட்சிக்கு விசிலடிக்க ஆள் பிடிக்காதவர் யார்?

இதற்குத்தான் காத்திருந்தேன் ஐயா, இன்றைக்குப் பெரிய வியாபாரமே இதுதான். செய்முறையை முதலில் சொல்கிறேன், பலருக்குத் தெரியாது. ஏஜென்சி இருபது முப்பது கணக்கு திறக்கும். ஒன்று கல்லூரிப் பெண் மாதிரி, ஒன்று கார் பிரியர் மாதிரி, ஒன்று பாட்டு மீம் பக்கம். முதலில் சில நாள் பாட்டைப் பற்றிப் பேச்சே இருக்காது, மற்ற வீடியோவுக்கு லைக், கமெண்ட், சாதாரணப் பதிவு. கணக்கைச் 'சூடாக்குவது' என்பார்கள். பிறகு ஒரே பாட்டின் அதே 15 விநாடித் துண்டு, முப்பது பக்கத்தில், முப்பது விதமான வாசகத்தோடு வரும். அதன் கீழே 'இந்தப் பாட்டு ஏன் இன்னும் வைரல் ஆகலை', 'டிக்டாக் கூட்டம் வருவதற்கு முன்னாலேயே நான் வந்துவிட்டேன்' என்று தயாராக எழுதிவைத்த கமெண்ட். சில சமயம் வேண்டுமென்றே ஒரு திட்டும் இருக்கும், சண்டை போட ஆள் வரட்டும் என்று. பாட்டு ஏற்கெனவே ஓடுகிறது என்று ஆப்பும் நினைக்கும், மனிதரும் நினைப்பார்கள்.

அமைப்பாளர்: சரி, யாருக்கு நஷ்டம்? பாட்டு மோசமாக இருந்தால் எப்படியும் ஓடாதே.

லெனேசியா பாடகி: எங்களுக்குத்தான் நஷ்டம் அங்கிள்! தீபாவளி விழாக் குழு யாரைக் கூப்பிடுவது என்று ஃபாலோயர்ஸ் எண்ணிப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது.

அதேதான். அரங்கில் கூலிக்குக் கைதட்டினாலும் பாட்டு உங்கள் காதில் விழுகிறது, நீங்களே முடிவு செய்யலாம். போனில், எந்தப் பாட்டு உங்கள் காதுக்கு வரவேண்டும் என்பதையே அந்தக் கூலிக்கூட்டம் முடிவு செய்கிறது. லெனேசியா தங்கச்சியின் பாட்டு மோசம் என்று யாரும் தள்ளவில்லை, அது யார் முன்னாலும் வரவேயில்லை. முன்பணம் கொடுத்து ஆளைக் கூப்பிடும் கோயில் கமிட்டிக்கும் நஷ்டம்தான்.

சட்டமும் சும்மா இல்லை. நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 41ஆம் பிரிவு, பொய்யாகச் சொல்வதை மட்டும் தடுக்கவில்லை. வாங்குபவர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தும் திருத்தாமல் இருப்பதையும் தடுக்கிறது. விளம்பர ஒழுங்குமுறை வாரியத்தின் சமூக ஊடக விதிகளில், காசு வாங்கிப் போட்ட பதிவில் 'ஆட்', 'ஸ்பான்ஸர்ட்' போன்ற ஹேஷ்டேக் தெளிவாக இருக்கவேண்டும். அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் போலி ஃபாலோயர்ஸையும் வியூஸையும் வியாபாரத்துக்காக, தெரிந்தே விற்பதும் வாங்குவதும் தடை.

அமைப்பாளர்: ஹேஷ்டேக் போட்டால் ரசிகர் பக்கம் மாதிரியே இருக்காதே சிஸ்டர்!

நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்.

லெனேசியா பாடகி: இப்படிப் பக்கங்களை எப்படிக் கண்டுபிடிப்பது அக்கா? கமிட்டிக்காரர்களுக்குச் சொல்லவேண்டும்.

ஐந்து நிமிட வேலை. இன்ஸ்டாகிராமில் அந்தப் பக்கத்தின் மூன்று புள்ளியைத் தட்டினால் 'அபவுட் திஸ் அக்கவுண்ட்' வரும். எப்போது சேர்ந்தது, எந்த நாட்டிலிருந்து இயங்குகிறது, முன்பு எத்தனை பெயர் இருந்தது, எல்லாம் தெரியும். பத்து 'ரசிகர்களும்' ஒரே மாதத்தில் பிறந்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஃபேஸ்புக்கில் பேஜ் டிரான்ஸ்பரன்ஸி அதையே காட்டும். நேற்று வரை கிரிக்கெட் பக்கமாக இருந்து இன்று ரசிகர் மன்றம் ஆனதும் அங்கே தெரியும். அதே வாசகத்தைத் தேடல் பெட்டியில் போட்டுப் பாருங்கள், இன்னும் எத்தனை பக்கத்தில் வருகிறது என்று. பாட்டுக்குக் காசு கொடுத்து விளம்பரம் ஓடுகிறதா என்பது மெட்டா ஆட் லைப்ரரியில் கிடைக்கும். நீல டிக்கை நம்பாதீர்கள், மெட்டாவில் 2023லிருந்து அதை மாதச் சந்தா கட்டியே வாங்கலாம். கமிட்டிக்கு ஒரு யோசனை: ஃபாலோயர்ஸ் எண்ணைக் கேட்காமல், நகரவாரியாக எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதை உங்கள் முன்னாலேயே போனில் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், அதைத் திருத்துவது சுலபம்.

ஸ்டாங்கர் பாடகர்: பழைய சினிமாப் பாட்டைப் பாடிப் போட்டேன், காப்பிரைட் கிளெய்ம் வந்துவிட்டது.

பித்தலாட்டம் இல்லை, உரிமைப் பிரச்சினை. இங்கே வேண்டாம், பாட்டு உரிமைகளைக் கையாளும் காப்பாஸோ அமைப்பிடம் கேளுங்கள்.

பீனிக்ஸ் இளைஞர்: ஸ்பாட்டிஃபை எடிட்டர் என்று ஒருவர் பிளேலிஸ்ட்டில் பாட்டைச் சேர்க்க 3,000 ரேண்டு கேட்கிறார். மேனேஜ் செய்ய லாகினும் வேண்டுமாம்.

ஸ்பாட்டிஃபை எடிட்டர்கள் காசு வாங்குவதில்லை. ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸில் வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்னால் நீங்களே இலவசமாகப் பரிந்துரைக்கலாம். லாகினா? முதல் பத்தியைப் பாருங்கள். மேனேஜருக்கு உண்மையிலேயே அனுமதி தரவேண்டும் என்றால் டீமில் அவர் ஈமெயிலைச் சேருங்கள், நினைத்தபோது நீக்கலாம்.

மேரிபேங்க் கீபோர்டு: எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்கிறீர்கள். கையில் 1,000 ரேண்டு இருக்கிறது, நேர்மையாக என்ன செய்வது?

நல்ல கேள்வி, வந்ததே சந்தோஷம். பாட்டின் இரண்டு வேறு வேறு 15 விநாடித் துண்டு எடுங்கள், ஒன்று பல்லவி, ஒன்று வாசிக்கும் கை தெரியும் காட்சி. மெட்டா ஆட்ஸ் மேனேஜரில் இரண்டையும் நாளுக்கு 50 ரேண்டு வீதம் நாலு நாள் ஓட்டுங்கள், 400 ஆயிற்று. இடம்: டர்பன், பீட்டர்மரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க். 'உலகம் முழுவதும்' என்று விடாதீர்கள், மலிவான கிளிக் எங்கே கிடைக்கிறதோ அங்கே காசு ஓடிவிடும். விளம்பரம் எங்கே தெரியவேண்டும் என்று கேட்கும் பிளேஸ்மெண்ட்டில் ஆடியன்ஸ் நெட்வொர்க்கை அணையுங்கள், அங்கே விளையாட்டு ஆப்பில் தவறி விழும் தட்டல்களுக்கும் காசு போகும். ஐந்தாம் நாள் மலிவு கிளிக் எது என்று பார்க்காமல், எந்தத் துண்டை அதிகம் பேர் சேவ் செய்தார்கள் என்று பார்த்து, மீதி 600ஐ அதில் மட்டும் போடுங்கள். 'பூஸ்ட்' பொத்தானை அழுத்தவேண்டாம், அதில் இந்தக் கட்டுப்பாடெல்லாம் பாதிகூடக் கிடைக்காது.

யூடியூபில் ஓட்டினால் இன்-ஃபீட் விளம்பரம் எடுங்கள், அது வீடியோ பட்டியலுக்கு நடுவே தலைப்போடு தெரியும். தலைப்பைப் பார்த்துத் தட்டி வருபவர்தான் அதில் அதிகம், எண் சிறியது, ஆள் நிஜம். யூடியூபுக்கு வெளியே மற்ற தளங்களிலும் ஓட்டும் 'வீடியோ பார்ட்னர்ஸ்' டிக்கை எடுத்துவிடுங்கள்.

அமைப்பாளர்: கடைசியாக ஒன்று. பாதி டிக்கெட் விற்றதும் 'சோல்ட் அவுட், கூடுதல் இருக்கைகள் திறப்பு' என்று போஸ்டர் போடுவது எல்லோரும் செய்வதுதானே? அதற்கும் பிரிவு இருக்கிறதா?

மேலே சொன்ன அதே 41. போஸ்டர் போட்ட நேரமும் டிக்கெட் தளத்தில் விற்ற நேரமும் இரண்டுமே பதிவாகியிருக்கும் ஐயா.