நடைக்கூடத்துச் சோபா

அன்புள்ள ஆசிரியருக்கு,

அரபு–இஸ்ரேல் சமாதான முயற்சிகளைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் எழுதியதில், 1991ஆம் ஆண்டின் மாட்ரிட் மாநாட்டை ஒரு திருப்புமுனை என்று குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மாதக்கணக்கில் தலைநகர் தலைநகராகப் பறந்து கடைசியில் சாதித்தது மூன்று நாள் கூட்டமும் சில மேடைப் பேச்சுகளும்தான். யார் வருவது, யார் வரக்கூடாது, யார் எந்தக் குழுவில் உட்காருவது என்பதிலேயே அத்தனை காலமும் கழிந்தது. பெண் பார்க்கப் போகும் முன்பே பந்தியில் யாருக்கு முதல் இலை என்று சண்டை போடுவதைப் போலிருக்கிறது இது. நிலம், அகதிகள், ஜெருசலேம் என்று விஷயத்துக்கு நேராக வராமல் நடைமுறையிலேயே நாளைக் கடத்துவதை ராஜதந்திரம் என்று ஏன் கொண்டாட வேண்டும்?

கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

உங்கள் எரிச்சல் நீங்கள் சொல்லும் அந்த வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கருக்கே இருந்தது. 1990 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் அமர்ந்து, வெள்ளை மாளிகையின் தொலைபேசி எண்ணை வாசித்துக் காட்டி, சமாதானத்தில் உண்மையான அக்கறை வரும்போது எங்களை அழையுங்கள் என்று இஸ்ரேலிய அரசைக் குத்திக் காட்டியவர் அவர். வளைகுடாப் போர் முடிந்த பிறகு, 1991 மார்ச்சுக்கும் அக்டோபருக்கும் இடையில், அதே மனிதர் எட்டு முறை அந்தப் பகுதிக்குப் போய்வந்தார். ஆனால் உங்கள் கடிதம் நடைமுறை என்றும் விஷயம் என்றும் இரண்டாகப் பிரிக்கிறதே, அந்தப் பிரிவினையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இஸ்ரேலியப் பிரதமர் யிட்சாக் ஷமீரின் அரசு பாலஸ்தீனத் தரப்புக்கு விதித்த நிபந்தனைகளைப் பாருங்கள். பாலஸ்தீன விடுதலை இயக்கத்தைச் சேர்ந்தவர்கள் வரக்கூடாது. வெளிநாடுகளில் வாழும் பாலஸ்தீனர்கள் வரக்கூடாது. கிழக்கு ஜெருசலேம்வாசிகள் வரக்கூடாது. பார்வைக்கு இது விருந்தினர் பட்டியல்தான். ஆனால் அந்த இயக்கத்தை ஏற்றால் தனி நாட்டுக் கோரிக்கையைக் காதில் வாங்கியதாகிவிடும். வெளியே வாழ்பவரை ஏற்றால் அகதிகள் திரும்பும் உரிமை அறைக்குள் வந்துவிடும். கிழக்கு ஜெருசலேம்காரர் ஒருவரை ஏற்றால் அந்த நகரம் யாருக்கு என்பது பேச்சுக்குரிய கேள்விதான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நீங்கள் நேராக வரச் சொல்லும் மூன்று விஷயங்களும் அந்தப் பட்டியலுக்குள்ளேயே இருந்தன.

பாலஸ்தீனத் தலைவர் ஃபைசல் ஹுசைனியின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஜெருசலேமில் பேக்கரைத் திரும்பத் திரும்பச் சந்தித்து மாநாட்டுக்கு வழி திறந்தவர்களில் அவர் முதன்மையானவர். ஆனால் கிழக்கு ஜெருசலேமைச் சேர்ந்தவர் என்பதால் பிரதிநிதியாக அமர முடியவில்லை, ஆலோசனைக் குழுவின் தலைவராகத்தான் மாட்ரிட்டுக்குப் போனார். காஸாவைச் சேர்ந்த மருத்துவர் ஹைதர் அப்துல் ஷாஃபி பாலஸ்தீனர்களுக்குத் தலைமை ஏற்றார், அதுவும் ஜோர்டானுடனான கூட்டுக் குழுவின் ஒரு பாதியாக.

டமாஸ்கஸிலும் இதே கதைதான். ஐக்கிய நாடுகள் சபைக்கு மாநாட்டில் முக்கிய இடம் வேண்டும், மாநாடு மறுபடியும் கூட வழி இருக்க வேண்டும் என்றார் சிரிய அதிபர் ஹஃபீஸ் அல்-அசாத். ஒருமுறை கூடி நேரடிப் பேச்சுக்குக் கலைந்துவிட வேண்டும் என்றார் ஷமீர். ஐ.நா. வாய் திறக்காத பார்வையாளராக வரும், அனைவரும் சம்மதித்தால் மட்டுமே மாநாடு மறுபடி கூடும் என்பது கடைசியில் கிடைத்த சமரசம். இதற்காக அசாத்தோடு நடந்த சந்திப்புகளில் ஒன்று ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் நீண்டது. எழுந்து போவது பலவீனமாகிவிடும் என்பதால் இரு தரப்பும் கொடுத்த பானங்களைக் குடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க, தாங்க முடியாமல் பேக்கர் வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துச் சரணடைகிறேன் என்று ஆட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போனார்.

நெருக்குதலும் இருந்தது, வெறும் பொறுமை மட்டும் அல்ல. சோவியத் யூதர்களைக் குடியமர்த்துவதற்காக இஸ்ரேல் கேட்டிருந்த 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தை 120 நாள் தள்ளிவைக்கும்படி 1991 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ் தன் நாட்டு நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். பிற்கால அமெரிக்க அதிபர்களில் பெரும்பாலோர் அந்த அளவுக்குப் போகவில்லை.

அக்டோபர் 30 அன்று மாட்ரிட் அரச மாளிகையில் மாநாடு தொடங்கியது. அங்கே நிகழ்ந்த பேச்சுகளைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சி நடந்த காலத்தில் தேடப்பட்டுவந்த இளைஞர் ஷமீரின் படத்தை சிரிய வெளியுறவு அமைச்சர் ஃபாரூக் அல்-ஷரா உயர்த்திக் காட்டினார். ஷமீரோ யூதர்களின் வாராந்தர ஓய்வு நாளான சப்பாத்துக்கு முன் ஊர் திரும்ப வேண்டும் என்று அதற்குள்ளாகவே கிளம்பியிருந்தார்.

என்னைப் பொறுத்தவரை மாட்ரிட்டின் பலன் அந்த மண்டபத்தில் இல்லை. அது டிசம்பரில், வாஷிங்டனில், அமெரிக்க வெளியுறவுத் துறைக் கட்டடத்தின் நடைக்கூடம் ஒன்றில் தெரிந்தது. இரு தரப்புப் பேச்சுக்கு வந்த பாலஸ்தீனர்கள் தங்களுக்கென்று தனி அறை கேட்டார்கள். கூட்டுக் குழுவாகத்தான் வர வேண்டும் என்றது இஸ்ரேல். எந்த அறைக்குள் நுழைவது என்று முடிவாகாததால் அப்துல் ஷாஃபி, ஜோர்டான் தரப்பின் அப்துல் சலாம் மஜாலி, இஸ்ரேலின் எல்யாகிம் ரூபின்ஸ்டைன் மூவரும் நடைக்கூடத்துச் சோபாவில் உட்கார்ந்து நாள் கணக்கில் வாதிட்டார்கள். உங்கள் பந்திச் சண்டை என்றால் இதுதான் அதன் உச்சம். ஆனால் அடுத்த மாதம் ஒரு வழி பிறந்தது: பாலஸ்தீனர் பெரும்பான்மையாக உள்ள குழு ஒன்று பாலஸ்தீனப் பிரச்சினையையும், ஜோர்டானியர் பெரும்பான்மையாக உள்ள குழு ஒன்று ஜோர்டான் பிரச்சினையையும் தனித்தனியே பேசும். பாலஸ்தீனர்கள் இன்னொரு நாட்டின் நிழலில் இருக்கும் கூட்டமா, தமக்கென்று பேச உரிமை உள்ள மக்களா என்ற கேள்விக்கு, எந்தப் பிரகடனமும் இல்லாமல் பாதி விடை அங்கே எழுதப்பட்டது. அந்த ஜனவரி 29ஆம் தேதிதான் இந்தியாவும் இஸ்ரேலுடன் முழுத் தூதரக உறவை அறிவித்தது. மாட்ரிட் இல்லாமல் டெல்லிக்கு அந்தத் துணிவு அத்தனை எளிதில் வந்திருக்காது.

எனக்கு உண்மையாகவே குறை இருப்பது வேறோர் இடத்தில். எல்லோரையும் அழைத்துவர அமெரிக்கா ஒவ்வொரு தரப்புக்கும் தனித்தனியே உறுதிமொழிக் கடிதம் கொடுத்தது. அழைப்பிதழோ ஐ.நா. பாதுகாப்பு சபையின் 242ஆம் தீர்மானத்தை அடிப்படையாகச் சொன்னது. 1967இல் நிறைவேறிய அந்தத் தீர்மானத்தின் ஆங்கில வடிவம் அந்த ஆண்டுப் போரில் ‘ஆக்கிரமித்த நிலங்களிலிருந்து’ இஸ்ரேலை விலகச் சொல்கிறது. நிலங்கள் என்ற சொல்லுக்கு முன் சுட்டிக்காட்டும் ‘the’ என்ற குறிச்சொல் இல்லாததால் எல்லா நிலங்களிலிருந்தும் அல்ல என்கிறது இஸ்ரேல். அத்தகைய குறிச்சொல் உள்ள பிரெஞ்சு வடிவத்தைக் காட்டி எல்லாவற்றிலிருந்தும்தான் என்கிறார்கள் அரபுகள். தமிழில் அப்படியொரு குறிச்சொல்லே கிடையாது என்பதால் மொழிபெயர்ப்பில் படிக்கும் நமக்குச் சண்டை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. இரு தரப்பும் தத்தமக்கு வேண்டிய பொருளைப் படித்துக்கொள்ளலாம் என்பதால்தான் இரு தரப்பும் வந்தன. அழைத்துவர உதவிய அதே தெளிவின்மை உள்ளே போனதும் கடனாக நின்றது.

வாஷிங்டனில் சுற்றுச் சுற்றாகப் பேசியும் நகரவில்லை. துனிஸில் இருந்த, பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் தலைவர் யாசர் அரஃபாத்தின் சம்மதமில்லாமல் பாலஸ்தீனக் குழு எதற்கும் தலையசைக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். 1992 இஸ்ரேலியத் தேர்தலில் வென்ற யிட்சாக் ராபினின் அரசு கடைசியில் நார்வேயில் அந்த இயக்கத்தோடு நேரடியாகவே ரகசியமாகப் பேசி, 1993 செப்டம்பர் 13 அன்று வெள்ளை மாளிகைப் புல்வெளியில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அங்கும் ஜெருசலேம், அகதிகள், ஆக்கிரமித்த நிலங்களில் இஸ்ரேல் அமைத்த குடியேற்றங்கள் மூன்றும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கப்பட்டன. நடைக்கூடத்துச் சோபாவில் உட்கார்ந்திருந்த அப்துல் ஷாஃபி, குடியேற்றங்களை நிறுத்துங்கள் என்று மாட்ரிட்டிலேயே கேட்டவர். அந்த ஒப்பந்தம் அதைச் செய்யவில்லை என்று வெளிப்படையாகவே எதிர்த்தார்.